இரண்டு காலண்டரும் நான்கு பெட்டிகளும்

மொட்டை மாடியில் குப்புறப் படுத்து, ஒரு மரப்பெட்டியின் விலாவில் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன். பனிக்காலம் போய் வெயில் தலைகாட்டிய நாட்கள் அவை. சிமெண்டுத் தரை வயிற்றைச் சுட்டது. பக்கத்து வளாகத்து மாமரம் உச்சி முதல் அடி வரை பூத்து, அதன் புளிப்பு வாசனை எங்கள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்திருந்தது.

காய்ந்த துணி எடுக்க மேலே வந்த சரோஜா என்னைப் பார்த்து நின்றாள்.

"என்ன, மூச்சு இருக்கா?"

"இருக்கு. ஆனா சத்தம் ஒரு மாதிரியா இருக்கு."

"எந்த மாதிரி?"

"ஒரு மாதிரி."

"டாக்டர் கணக்கா காது வெச்சுக் கேட்டா போதுமா? மூடியத் தூக்கிப் பாக்கறதுதானே."

"இன்னிக்கு நாள் சரியில்ல."

அவள் துணியை உதறி மடித்தாள். "பாவம் அதுங்க. உங்ககிட்ட வந்து மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சரோஜா என் மனைவி. இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: வீட்டில் பயப்பட வேண்டிய பொறுப்பு முழுவதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவள்.

மூலைக்கு வந்த ஆபத்து

நாங்கள் இருப்பது ரங்கூன் தின்கன்ஜூனில், ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அதன் கிழக்கு மூலையில் என் நான்கு தேன் பெட்டிகள். மழைக்காலத்தில் மூன்று பெட்டிகளில் மெழுகுப் பூச்சி புகுந்துவிட்டது. தேனீக்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போயின. ஒன்று மட்டும் எப்படியோ தப்பியது.

அந்த வருஷம்தான் கட்டடத்தில் எல்லோருக்கும் சோலார் ஆசை பிறந்தது. எங்கள் ஊரில் மின்சாரம் முறை வைத்து வரும். முறை வராத நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் பார்த்து எட்டு வீட்டுக்காரர்களும் பெருமூச்சு விடுவோம். எங்களுக்கு மேல் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் டோ கின் எய் ஒருநாள் எல்லோரையும் கூட்டினார். டோ என்பது இங்கே மூத்த பெண்களுக்குப் பெயருக்கு முன் போடும் மரியாதை. அவர் விஷயத்தில் அதை இரண்டு முறை போட்டாலும் தகும்.

"சோலாருக்கு வெயில் நல்லா விழறது கிழக்கு மூலை. அங்க கோ ராஜுவோட பெட்டிங்க இருக்கு" என்றார். ராஜு நான்தான்; கோ என்பது ஆண்களுக்குப் போடும் மரியாதை. பர்மிய மொழியில்தான் சொன்னார். தமிழில் எழுதும்போது பாதி காரம் குறைந்துவிடுகிறது. "உயிர் இருக்கிற பெட்டி இருக்கட்டும். பாவத்தைச் சேர்த்துக்க வேணாம். காலிப் பெட்டி எல்லாம் பௌர்ணமிக்கு மறுநாள் கீழ இறங்கிடணும். நாலும் காலின்னா மூலை முழுசும் சோலாருக்கு."

நியாயமான பேச்சு. பௌர்ணமிக்கு இருபது நாள் இருந்தது. அதுவரை அந்த ஒரு பெட்டியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மூலையில் அப்படி என்ன என்று கேட்பீர்கள். தேன் என்று சொன்னால் பொய். வருஷத்துக்கு நான்கு பாட்டில் வந்தால் அதிகம். பட்டறை விட்டு வந்து அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காருவேன். தேனீக்கள் கால் நிறைய மகரந்தத்தோடு வந்து வாசலில் தடுக்கி விழுந்து உள்ளே போவதைப் பார்ப்பேன். கவலைப்படுகிற வேலையை அரை மணி நேரத்துக்கு வேறு யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருக்கும். ஒரு நாளில் எனக்குக் கிடைக்கும் விடுமுறை அவ்வளவுதான்.

இழுப்பறையில் வந்தவை

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆளுக்குத் தேனீ எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தையல் மிஷின் மெக்கானிக். பசுந்தாங் ஓடைக்கரை ஓரமாக ஒரு சின்னப் பட்டறை. லத்தா பகுதியில் தேனும் பேரீச்சம்பழமும் விற்கிற காசிம் பாய் வீட்டு மிஷினைப் பழுது பார்க்கப் போனேன். மர மேசை வைத்த பழைய மிஷின். நூல்கண்டு போடும் இழுப்பறையை இழுத்தேன். உள்ளே நூல்கண்டுக்குப் பதிலாக நான்கு வரிசை தேனடை. அடைகளின் மேல் தேனீக்கள் என்னைத் திரும்பிப் பார்த்தன.

நான் எப்போது ஓடினேன், எப்போது தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. காசிம் பாய்தான் தேடிக்கொண்டு வந்தார்.

"என்ன ஓய், மிஷின் ஓடலேன்னு கூப்பிட்டா நீரு ஓடுறீரு?"

"பாய், உள்ள தேனீ இருக்கு."

"தெரியும். அதனாலதான் மிஷின் ஓடல. அதை எடுத்துட்டு மிஷினச் சரிபண்ணும். எடுத்ததை நீரே வெச்சுக்கிடும். எனக்குத் தேனு விக்கத்தான் தெரியும், வளக்கத் தெரியாது."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தேனீயைவிடக் காசிம் பாயிடம் எனக்குப் பயம் அதிகம். அவருடைய குரல் அப்படி. இழுப்பறையைத் துணியால் மூடிக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டார், உள்ளே என்ன பலகாரம் என்று. இனிப்பு என்று சொன்னேன்.

வளர்க்கத் தெரியாது என்றாரே தவிர, தேன் கொண்டுவரும் ஆட்களிடம் முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. என் மொத்தத் தேனீப் படிப்பும் அவர் போனில் திட்டியதுதான்.

படிப்பு என்றதும்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். குடும்பக் கஷ்டம் என்று இரண்டு வரி எழுதினால் உங்களுக்கும் மனம் இளகும். உண்மை அப்படி இல்லை. அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை இருந்தது, புத்தகம் இருந்தது, பென்சில் இருந்தது. பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று எனக்கு ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்தில் பரீட்சைக்கே போகவில்லை. போகாததால் தோற்கவும் இல்லை. இன்று வரை நான் எந்தப் பரீட்சையிலும் தோற்காதவன்.

இந்த வித்தையைத்தான் பிறகு எல்லா விஷயத்திலும் செய்தேன். பல் வலிக்குப் போகவில்லை, பல் தானே விழுந்தது. நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார்கள், அதில் ஏதாவது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று எடுக்கவில்லை. பெட்டியைத் திறக்காமல் இருந்ததும் இதே வித்தைதான். ஆனால் அதற்கு ஒரு கௌரவமான காரணம் என்னிடம் இருந்தது.

ஆணியில் தொங்கிய காரணம்

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர். ஒன்று கோயிலில் கொடுத்த தமிழ்க் காலண்டர். ராகு காலம், எமகண்டம், கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாம் அதில் உண்டு. மற்றது பெயிண்ட் கடையில் கொடுத்த பர்மியக் காலண்டர். அதில் யெட்யாசா என்றால் நல்ல நாள், பியத்தடா என்றால் ஆகாத நாள். எந்தக் கிழமை எது என்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

இங்கே பல தமிழ் வீடுகளில் இரண்டும் பார்ப்பார்கள். அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "நம்ம சாமிக்குப் பர்மா காலண்டர் படிக்கத் தெரியாது. இந்த ஊர்ச் சாமிக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் கோச்சுக்காம நாமதான் பாத்துக்கணும்."

சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு சாமிக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். ஒன்றில் நல்ல நாளாக இருப்பது மற்றதில் கெட்ட நாளாக இருக்கும். இரண்டிலும் நல்ல நாள் கிடைத்தால் அன்று எனக்குப் பட்டறையில் அவசர வேலை இருக்கும். பட்டறை லீவாக இருந்தால் தேய்பிறையாக இருக்கும். ஃபிரிட்ஜ் வாங்க நாள் பார்த்து ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் சரோஜா மீனைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். அதைப் பற்றி அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பனி முடிந்ததும் தேன் பெட்டியைத் திறந்து பார்ப்பது பெரிய காரியம். அடை கட்டிய மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ராணி இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, பூச்சி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பெட்டிதான் பிழைத்திருக்கிறது, மூலை அதை நம்பித்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியைக் கண்ட நாளில் திறக்கலாமா?

காசிம் பாய் போன் செய்தார்.

"பொட்டியத் தொறந்தீரா?"

"நாள் கிடைக்கல பாய்."

"தேனீக்கு ஏது ஓய் நாளு? மாமரம் பூத்தாச்சு. உள்ள கூட்டம் பெருத்துக் கெடக்கும். இடம் பத்தலேன்னா புது ராணிக்கு அறை கட்டிட்டு, பழைய ராணி பாதிக் கூட்டத்தக் கூட்டிக்கிட்டுப் பறந்துரும். தொறந்து அந்த அறைகளக் கிள்ளி எறியணும்."

"பாதிதானே போகும்?"

"கூட்டம் பிரிஞ்சா பாதி. கோவிச்சுக்கிட்டுப் போனா மொத்தமும். எது நடக்குதுன்னு வெளிய இருந்து காது வெச்சா தெரியாது ஓய்."

நான் காது வைத்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. சரோஜாதான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றே உட்கார்ந்து இரண்டு காலண்டரையும் தரையில் விரித்து, பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாளைப் பிடித்தேன். தமிழில் சுபதினம், பர்மியத்தில் யெட்யாசா, வளர்பிறை, பட்டறையும் லீவு. பௌர்ணமிக்கு முதல் நாள். வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் எனக்குச் சிக்கியதே இல்லை. பெருமையாகச் சரோஜாவிடம் காட்டினேன்.

"தேனீங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

பானை மூடி

அந்த நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பசுந்தாங்கில் மின்சாரம் இல்லாததால் நான் பட்டறைக்குப் போகவில்லை. முன்பகல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் மோகிங்கா, மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று மேலே, யாரோ ஐம்பது தையல் மிஷின்களை ஒன்றாக மிதித்ததுபோல் ஒரு சத்தம்.

ஓடிப்போய் ஜன்னலில் பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்கு மேலே வானம் கொதித்தது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் வட்டம் வட்டமாகச் சுழன்றன. என் ஒரே பெட்டி.

"போயிருச்சு சரோஜா! எல்லாம் போயிருச்சு!"

சரோஜா சோற்றுப் பானை மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி, டங் டங்கென்று அடித்தாள். சத்தம் கேட்டால் பறக்கிற கூட்டம் கீழே இறங்கும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்களாம். தேனீக்கள் இறங்கினவோ இல்லையோ, எட்டு வீட்டுக்காரர்களும் தீ விபத்து என்று நினைத்துக் கீழே இறங்கிவிட்டார்கள். ஒருவர் கையில் காஸ் சிலிண்டரோடு நின்றார்.

சுழன்ற கூட்டம் மெல்லச் சுருங்கியது. சுருங்கி, எங்களுக்கு நேர் மேலே போய், ஒரு பால்கனியில் ஒட்டியது. பலாக்காய் அளவுக்குத் தொங்கியது.

டோ கின் எய் வீட்டுப் பால்கனி.

அதிர்ஷ்டம்

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினேன். அவர் கதவைத் திறந்தபோது கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பாதிதான் பூசியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா கோ ராஜு! என் வீட்டுக்குத் தேனீ வந்திருக்கு!"

இங்கே வீட்டில் தேனீ வந்து ஒட்டினால் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வார்கள். திசையைப் பொறுத்துச் செல்வம் என்பார்கள், ஆபத்து என்பார்கள். டோ கின் எய் அதற்குள் திசை பார்த்துவிட்டிருந்தார். கிழக்கு. செல்வம்.

"அது என்னோடது" என்றேன்.

"உன் பெட்டியில இருந்தவரைக்கும் உன்னோடது. இப்ப எங்க இருக்கு?"

"உங்க பால்கனியில."

"அப்ப?"

வக்கீல் வைத்தாலும் இதற்கு மேல் பேச முடியாது. நான் மாடிப்படியில் வந்து காசிம் பாய்க்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அவர் திட்டாவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"கேளும்" என்றார். "ஒட்டிக்கிட்டு நிக்கிற கூட்டம் அங்க தங்காது. வேவுக்காரங்கள அனுப்பி வீடு தேடுது. விலாசம் கெடச்சா கெளம்பிரும். ஒரு மணி நேரமோ, நாளைக்கோ. அதுக்குள்ள பிடிச்சு ஒரு காலிப் பொட்டியில போடணும். சும்மா போட்டா நிக்காது. பழைய பொட்டியில இருந்து தேனீப் புழு இருக்கிற அடை ஒண்ண எடுத்து உள்ள வெக்கணும். புள்ளைங்களப் பாத்தா விட்டுட்டுப் போகாது."

"பழைய பெட்டியில புழு இல்லேன்னா?"

"இல்லேன்னா அது கூட்டம் பிரியல ஓய். மொத்தமும் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. இதப் பிடிச்சும் பிரயோசனமில்ல."

திரும்பிப் போய் டோ கின் எய்யிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன்: இது தங்காது, நாளைக்குள் பறந்துவிடும்.

அவர் முகம் மாறியது. "பறந்து எங்க போகும்?"

"யாருக்குத் தெரியும். எதிர்த் தெருவுக்குப் போகலாம்."

எதிர்த் தெருவில் அவருடைய நாத்தனார் வீடு இருந்தது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை, சத்தியமாக. அவருக்குத் தோன்றிவிட்டது.

"தங்க வைக்க வழி இல்லையா?"

"பெட்டியில போடணும். பெட்டிய மாடி மூலையில வைக்கணும். உங்க தலைக்கு மேலேயே இருக்கும்."

டோ கின் எய் யோசித்தார். மேலே கூரையைப் பார்த்தார். அங்கே வரவேண்டிய சோலார் பலகைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சரி. ஆனா அந்தப் பெட்டி என்னோடது. நீ பாத்துக்கறே, அவ்வளவுதான்."

"சரி."

"நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்துப் பிடி. இன்னிக்கு பியத்தடா."

என் வாழ்நாளில் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. "நாளும் வேணாம் நேரமும் வேணாம். இப்பவே பிடிக்கணும்!" என்று கத்திவிட்டேன். படியில் நின்ற சரோஜா பானை மூடியைக் கீழே போட்டுவிட்டாள்.

திறந்தேன்

சரோஜாவின் மழைக்கோட்டை மாட்டி, தலையில் கொசுவலையைச் சுற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தேங்காய் மட்டையைத் தகரத்தில் போட்டுக் கொளுத்திப் புகை போட்டேன். கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. ராகு காலம் பாதியில் இருந்தது. ஆக, இரண்டு சாமியின் கோபத்தையும் ஒரே நாளில் சம்பாதித்தேன்.

பெட்டி வாசலில் ஐந்தாறு தேனீக்கள் மட்டும் நின்றன. காலை வரை அங்கே சந்தை மாதிரி கூட்டம் இருந்தது. ஏழாம் வகுப்புப் பரீட்சை எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

மூடியைத் தூக்கினேன்.

சூடான மெழுகு வாசனை முகத்தில் அடித்தது. முதல் சட்டம், ஓரத்துச் சட்டம். இரண்டு பக்கமும் காலி. தேன்கூட இல்லை. போகும்போது நக்கிக் குடித்துவிட்டுப் போயிருந்தன. இரண்டாவது சட்டம். நான்கு தேனீ, பழைய அடை, கருத்துக் கிடந்தது. சரோஜா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, "என்ன? என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது சட்டம் கனத்தது.

தூக்கியதும் தெரிந்தது. அடை முழுக்கத் தேனீ. இளசுகள், பறக்கத் தெரியாத சாம்பல் நிறக் குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அவற்றுக்குக் கீழே மூடி போட்ட அறைகள், மூடாத அறைகள். மூடாததில் வெள்ளைப் புழுக்கள் நகம் வெட்டிப் போட்டதுபோல் சுருண்டு கிடந்தன. நான்காவது சட்டத்தின் அடி விளிம்பில், ஆட்டு மடிக் காம்பு மாதிரி மூன்று ராணி அறைகள் தொங்கின. நுனி பழுத்து, இன்றோ நாளையோ திறக்கிற பதத்தில் இருந்தன.

"இருக்கு சரோஜா! புள்ளைங்களை விட்டுட்டுத்தான் போயிருக்கு!"

"அழாதீங்க. கொசுவலைக்குள்ள மூக்கத் துடைக்க முடியாது" என்றாள்.

ராணி அறை இல்லாத மூன்றாவது சட்டத்தை அலுங்காமல் எடுத்துக் காலிப் பெட்டியில் இறக்கினேன். பழையதை மூடினேன். ராணி அறை ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை. பழைய ராணி போய்விட்டது; மீதிக் கூட்டத்துக்கு இனி ஒரு ராணி வேண்டும். முழங்கையில் இரண்டு கொட்டு விழுந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

பால்கனியில் ஒரு சங்கடம்

பெட்டியைச் சுமந்துகொண்டு டோ கின் எய் வீட்டுக்குப் போன பிறகுதான் ஒன்றைப் பார்த்தேன். கூட்டம் ஒட்டியிருந்தது அவர் துணி காயப்போடும் மூங்கில் கழியில். கழியில் அவருடைய தமெய்ன் மூன்று தொங்கின. தமெய்ன் என்பது இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கி. காய்கிற தமெய்னுக்கு அடியில் ஆண் தலையைக் கொடுத்தால் அவனுடைய மகிமை எல்லாம் போய்விடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. தெருவில் போகும்போதுகூட அண்ணாந்து பார்த்து விலகிப் போகிறவர்கள் உண்டு. நான் இரண்டு முறை பார்ப்பேன்.

டோ கின் எய் இரண்டை உருவி எடுத்துவிட்டார். மூன்றாவதன் மேல் விளிம்பில் தேனீக்கள் பிடித்திருந்தன. பச்சையில் மஞ்சள் பூப் போட்டது. கூட்டம் அதன் மடிப்புக்குள் பாதி, வெளியே பாதி. அதைப் பிடிக்க அடியில் நின்று ஒரு கூடையை ஏந்த வேண்டும்.

"ஆம்பிளை நீ அதுக்குக் கீழ போகக் கூடாது" என்றார் டோ கின் எய். "நான் பிடிக்கிறேன்."

"உங்களுக்குக் கொட்டும்."

"உன் மகிமை?"

பின்னால் சரோஜா நின்றிருந்தாள். "இருந்தாத்தானே போறதுக்கு. நீங்க போங்க" என்றாள்.

போனேன். ஈரத் துணி கொசுவலைக்கு மேல் ஒட்டியது. சோப்பு வாசனை, தேன் வாசனை, என் வியர்வை வாசனை. கூடையை ஏந்தி, கழியை ஒரே உலுக்கு. பிசைந்த மாவு விழுவதுபோல் பொத்தென்று ஒரு கனம் கூடைக்குள் விழுந்தது. அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்தேன். சிதறியவை பால்கனி முழுக்கப் பறந்தன. இரண்டு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை.

அப்புறம் பெட்டி வாசலில் நின்ற சில தேனீக்கள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சிறகை விசிற ஆரம்பித்தன. வாசனை அனுப்பி மற்றவற்றைக் கூப்பிடுகிற முறை அது. ராணி உள்ளே இருந்தால்தான் அப்படிச் செய்யும். பறந்தவை ஒவ்வொன்றாக இறங்கி, வாசல் வழியாக நடந்து, உள்ளே போயின. கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற மாதிரி.

டோ கின் எய் கும்பிட்ட கையை இறக்காமல் கேட்டார்: "இனிமே போகாதே?"

"புள்ளை இருக்கு. போகாது" என்றேன். சொன்ன குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.

பௌர்ணமிக்கு மறுநாள்

எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். சோலார் ஆள் ஒருவரும் அளவு நாடாவோடு வந்தார். டோ கின் எய் முன்னால் நின்று காட்டினார். முதல் பெட்டியில் போக்குவரத்து நடந்தது. இரண்டாவது பெட்டியிலும் நடந்தது. மூன்றாவதும் நான்காவதும் காலி. சொன்ன சொல் சொல்தான். அந்த இரண்டையும் நானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். இப்போது ஒன்றில் சரோஜா வெங்காயம் வைத்திருக்கிறாள்.

திரும்பி மேலே போனபோது சோலார் ஆளிடம் டோ கின் எய் பேசிக்கொண்டிருந்தார்.

"பலகைய அந்தப் பக்கம் தள்ளிப் போடு. இது என் பெட்டி. இதுக்கு மேல நிழல் விழக் கூடாது."

"அங்க வெயில் கம்மியா இருக்கும் டோ டோ."

"பரவாயில்லை. வேணும்னா பலகைய நிமுத்தி வை."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். மூலை தப்பியது. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. டோ கின் எய். கையில் ஜெபமாலை, காலில் செருப்புகூட இல்லை.

"கோ ராஜு, சீக்கிரம் வா. உன் பெட்டியிலேர்ந்து ரெண்டு வெளிய வந்துருச்சு. என் பெட்டியிலேர்ந்து இன்னும் ஒண்ணுகூட வரல."

"வெயில் பட்டாதான் வரும். இன்னும் சூரியனே வரலையே."

"உன்னுது மட்டும் எப்படி வந்துச்சு? உள்ள ஏதாவது ஆயிருக்குமா? மூடி இறுக்கமா இருக்கா? நேத்து நான் பக்கத்துல நின்னு இருமினேன், அதனால இருக்குமா?"

மேலே போனோம். இருவரும் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். அவர் மாலையை உருட்டினார். நான் அவருக்கு எறும்பைப் பற்றியோ மெழுகுப் பூச்சியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. வெயில் மெதுவாகச் சுவரில் இறங்கிப் பெட்டியின் வாசலைத் தொட்டது. ஒரு தேனீ வெளியே வந்து, முன்காலால் கண்ணைத் துடைத்து, மாமரத்தைப் பார்க்கப் பறந்தது.

"ஒண்ணு" என்றார் டோ கின் எய்.

இன்னொன்று வந்தது.

"ரெண்டு. மூணு."

"எதுக்கு எண்ணறீங்க?"

"பின்ன? காலையில எத்தனை போச்சுன்னு தெரிஞ்சாத்தானே, சாயங்காலம் எல்லாம் திரும்பிருச்சான்னு பாக்க முடியும்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கவலை எனக்குத் தோன்றியதே இல்லை. மரியாதையாக எழுந்தேன். என் வாளி வாசலுக்கு நேராக இருந்தது. அங்கிருந்து எண்ண வசதி. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் இருமினால் கொடுக்கச் சுடுதண்ணீர் எடுத்துவரக் கீழே இறங்கினேன்.